கூடாரம் கரையில் இருக்கட்டும்: மன்னார் வளைகுடாத் தீவுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விடுமுறைக் காலம் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாம்பன், மண்டபம், தூத்துக்குடி பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வருவது பற்றியே இருந்தன. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர். குருசடைத் தீவில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுகிறோம். தெரிந்த படகுக்காரர் ஒருவர் பொழுது சாயும் நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கூட்டிவருவதாகச் சொல்கிறார். குப்பை போட மாட்டோம், மது அருந்த மாட்டோம், கூச்சல் போட மாட்டோம். இதில் தவறு உண்டா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உண்டு. உங்கள் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் போகாதீர்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழங்குறைந்த கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் இதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அங்கே தீ மூட்டுவது அதற்கு மேல் இன்னொரு குற்றம். பிடிபட்டால் நீங்கள் அபராதமும் வழக்கும் சுமந்து ஊர் திரும்பிவிடலாம். அந்தப் படகுக்காரரோ தம் படகையே இழக்க நேரிடும், ஏனெனில் குற்றத்துக்குப் பயன்பட்ட படகைப் பறிமுதல் செய்யவும் அதே சட்டம் இடம் தருகிறது. அவருடைய பிழைப்பை உங்கள் ஒரு இரவுக்காகப் பணயம் வைக்க நீங்கள் விரும்ப மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

சட்டம் இல்லாவிட்டாலும் இந்தத் தீவுகளில் இரவு தங்கக் கூடாது என்பதே எம் கருத்து. இவை பாறை மலைகள் அல்ல. பவளப்பாறைத் திட்டின் மேல் பவளத் துண்டுகளும் சிப்பித் தூளும் மணலும் சேர்ந்து உருவானவை. பல இடங்களில் கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரத்துக்கு மேல் இல்லை. குருசடையின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். 21 தீவுகளில் பெரியதான முசல் தீவே சுமார் 129 ஹெக்டேர்தான். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டியதன் விளைவாக அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் போய், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. வான் தீவும் அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்ததால்தான் 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிக் கடலடியில் சிமெண்டுத் திட்டுகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட மணலைப் பிடித்து நிறுத்தியிருப்பவை அங்கே படர்ந்திருக்கும் அடம்பன் கொடியும், இராவணன் மீசைப் புல்லும், ஓரத்துப் புதர்களும்தான். கூடாரம் அடிக்க இடம் துப்புரவாக்குகிறோம் என்று நாம் முதலில் பிடுங்கிப் போடுவதும் அவற்றைத்தான்.

அடுத்தது இரவைப் பற்றியது. பகலில் தீவு வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இங்கே யாருக்கு இடைஞ்சல் என்று நினைக்கத் தோன்றும். தை தொடங்கிச் சித்திரை வரை முட்டையிட வரும் பங்குனி ஆமை, இருட்டிய பிறகுதான் கரையேறும். மணலில் ஏறி வரும்போது அசைவோ வெளிச்சமோ கண்ணில் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 50 நாட்கள் கழித்து, பெரும்பாலும் இரவில் மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும் இயல்புள்ளவை. இயற்கையில் அது கடற்பக்கம்தான். கூடாரத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அது உங்கள் பக்கமாகிவிடும். விடிவதற்குள் கடலை எட்டாத குஞ்சு பெரும்பாலும் நண்டுக்கோ காக்கைக்கோ இரையாகிறது.

பறவைகளின் நிலையும் இதுதான். ஐப்பசி முதல் மாசி வரை வடக்கிலிருந்து வந்து தங்கும் உள்ளான்களும், நண்டு தின்னிகளும், மூக்கான்களும் கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது இரை தேடுகின்றன. அந்த வற்றம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் தேடுகின்றன. நீர் ஏறும் நேரத்தில் அவை ஒதுங்கி நிற்க மிஞ்சுவது தீவின் முனையில் உள்ள மணல் திட்டு மட்டுமே. கூடாரம் போட நமக்குப் பிடித்துப்போகும் இடமும் அதே திட்டாகத்தான் இருக்கும்.

ஆகவே, பத்துப் பேரும் மண்டபத்திலோ பாம்பனிலோ இராமேசுவரத்திலோ அறை எடுத்துத் தங்குங்கள். தீவுக்குப் பகலில், முறையான படகில் போய்வாருங்கள்.

கேள்வி: அந்த முறையான படகு எது? பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாமா? எந்த மாதம் நல்லது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பூர்

பதில்: பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு குருசடைப் பக்கம் செல்கிறது. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பிக் கரையிறங்கிய இடம் குந்துகால். அவர் நினைவு மண்டபம் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு அதையும் காட்டலாம். ஏர்வாடிக்குப் பக்கத்துப் பிச்சை மூப்பன் வலசையிலும், பாக் நீரிணைப் பக்கம் தொண்டிக்கு அருகே காரங்காட்டுச் சதுப்புநிலக் காட்டிலும் இதேபோல் வனத்துறையின் மேற்பார்வையில் படகுகள் உண்டு. காரங்காட்டுக் கால்வாய்களில் அலை குறைவு என்பதால், மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் முதலில் அங்கே போவது நல்லது.

மாதத்தைப் பொறுத்தவரை, அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்லும் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மன்னார் வளைகுடா தென்கடல், பாக் நீரிணை வடகடல். கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். குருசடை தென்கடலில் இருப்பதால், பெருமழை ஓய்ந்த பின் தையிலும் மாசியிலும் போனால் கடலும் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். எந்த மாதமானாலும் கடல் சரியில்லை என்று அன்று காலை படகை நிறுத்திவிடுவார்கள். திருப்பூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோமே என்று அவர்களை நெருக்காதீர்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் நல்லது.

படகில் ஏறியதும் உயிர்காப்புச் சட்டையை எல்லோரும், பிள்ளைகளின் அளவுக்குத் தக்கதாக, அணிய வேண்டும். குடிநீரைத் தூக்குப் பாத்திரத்திலோ எவர்சில்வர் குடுவையிலோ கொண்டுபோங்கள். நெகிழிப் பையும் உறையும் பாக்கெட்டும் கரையிலேயே இருக்கட்டும். காற்றில் பறந்து கடலில் விழும் ஒரு பையைத் திரும்ப எடுக்க முடியாது, அதை ஆமை சொறி மீன் (ஜெல்லி மீன்) என்று எண்ணி விழுங்குவதுண்டு.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள். வற்றம் இறங்கிய நேரத்தில் ஈர மணலில், பற்பசையைக் குழாயிலிருந்து பிதுக்கிச் சுருட்டி வைத்ததுபோல் சிறு சிறு மணல் சுருள்கள் கிடக்கும். அவற்றுள் சில, மணலுக்குள் வாழும் பலனோகிளாசஸ் என்னும் மென்மையான புழுவின் வேலை. முதுகெலும்புள்ளவற்றுக்கும் முதுகெலும்பற்றவற்றுக்கும் இடையே வைத்துப் பேசப்படும் இந்த உயிரினத்தால்தான் குருசடை உலகெங்கும் விலங்கியல் மாணவர்களிடையே பெயர் பெற்றது. சென்னை அரசு அருங்காட்சியகம் இந்தத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றி 1927-லேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. சுருளைப் பார்த்தால் போதும், தோண்ட வேண்டாம். தொட்டாலே துண்டுதுண்டாகிவிடும் அளவுக்கு அது மெல்லியது.

கேள்வி: உயிருள்ள எதையும் தொட மாட்டோம். கரையில் ஒதுங்கிய செத்த சங்கையும், சோழியையும், வெள்ளைப் பவளத் துண்டையும் எடுத்துவந்தால் என்ன குற்றம்? யாருக்கும் பயன்படாமல்தானே கிடக்கிறது?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: பவளம் உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் அட்டைக்கும் கடற்குதிரைக்கும் சங்கு, சிப்பி இனங்கள் சிலவற்றுக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. இராமேசுவரக் கடைத்தெருவில் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே விற்கும் எல்லாமே சட்டப்படி வந்தவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்த இனம் என்று உங்களுக்குத் தெரியாத சங்கையோ பவளத்தையோ வாங்காமல் விடுவதே பாதுகாப்பு.

யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்பதும் சரியல்ல. காலியான சங்கு முனிவன் நண்டுக்கு வீடு. அந்த நண்டுக்குச் சொந்தமாக ஓடு கிடையாது. வளர வளரப் பெரிய சங்கு தேடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் கிடக்கும் அழகான பெரிய சங்குகளையெல்லாம் நாம் பொறுக்கிவிட்டால், அது தன் உடம்பு கொள்ளாத சிறு சங்குக்குள்ளோ, யாரோ வீசியெறிந்த பாட்டில் மூடிக்குள்ளோ புகுந்துகொள்கிறது. பவளத் துண்டோ நாளடைவில் உடைந்து மணலாகித் தீவையே வளர்ப்பது. தளிர்க்கிளை போல வளரும் பவள இனங்களே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நீளும். உருண்டைப் பாறையாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை எட்டினாலே பெரிது. உங்கள் உள்ளங்கையில் அடங்கும் துண்டு பல ஆண்டு வளர்ச்சி. படம் எடுத்துக்கொண்டு அதே இடத்தில், அதே பக்கம் மேலிருக்கும்படி வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: டிரோன் பறக்கவிட்டுப் படம் பிடிக்கலாமா?
— ஒளிப்படக் கலைஞர், கோயம்புத்தூர்

பதில்: முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறாமல் கூடாது. தேசியப் பூங்கா என்பதோடு, இது பன்னாட்டுக் கடல் எல்லையை ஒட்டிய, பாதுகாப்புக் கண்காணிப்பு மிகுந்த பகுதி. தவிர, தரையில் அமர்ந்திருக்கும் ஆலாக் கூட்டத்துக்கு மேலே டிரோன் வந்தால் அவை பருந்து என்று எண்ணி முட்டைகளை வெயிலில் விட்டுவிட்டு எழும்பிவிடும்.

கேள்வி: முகமூடி அணிந்து நீந்திப் பவளம் பார்க்கவும், கயாக் ஓட்டவும் விருப்பம். எதைக் கவனிக்க வேண்டும்?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: வனத்துறை அனுமதித்த இடத்தில், அவர்களின் வழிகாட்டியோடு மட்டும் இறங்குங்கள். நீந்தத் தெரிந்தவர்கள்கூடக் களைத்துப் போனதும் செய்வது ஒன்று உண்டு: காலுக்குத் தட்டுப்படும் பாறை மேல் நின்றுவிடுவார்கள். அந்தப் பாறைதான் பவளம். ஒரு காலடியில் நொறுங்கியது மீள்வதற்கு ஆண்டுக்கணக்காகும், உங்கள் காலிலும் எளிதில் ஆறாத கீறல் விழும். எனவே மிதவைச் சட்டையோடு இறங்குங்கள். களைத்தால் மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள். துடுப்புச் செருப்பை வேகமாக அடித்தால் கிளம்பும் மணல் பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சடைக்கச் செய்யும், மெல்ல அடியுங்கள்.

வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு செய்பவை என்பதால் பலாவு நாடு 2020-லும் ஹவாய் 2021-லும் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தன. நம் ஊரில் அப்படி ஒரு தடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் போட்டுக்கொண்டு நீந்தினால் களிம்பே தேவைப்படாது. இங்குள்ள பவளங்கள் ஏற்கெனவே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் வெளுத்துப் போய்ப் பெருமளவு அடிபட்டவை. மிஞ்சியவற்றின் மேல் நம் பங்குக்கும் ஒரு சுமையை ஏற்றக் கூடாது. சித்திரை, வைகாசியில் வெளுத்த பவளத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு அழகு என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நோயுற்றிருக்கும் பவளம் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்று.

கயாக்கில் போகும்போது கடல் தாழை படுத்திருக்கும் இடங்களில் துடுப்பைத் தரையில் ஊன்றித் தள்ளாதீர்கள். அந்தக் கடற்புல்வெளிதான் கடற்பசு எனப்படும் ஆவுளியாவுக்கும் பேராமைக்கும் மேய்ச்சல் நிலம். ஆவுளியா கண்ணில் படுவது பெரும் பேறு. அப்படிப் பட்டால் துடுப்பை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே இருங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிரினம் அது. துரத்தினால் மூச்சு வாங்கவும் அஞ்சி ஆழத்தில் தங்கி அவதிப்படும்.

கேள்வி: நான் மண்டபம் பக்கத்து மீனவக் கிராமத்துப் பெண். என் அம்மாவும் பாட்டியும் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். எங்கள் பெண்கள் தீவில் கால் வைத்தால் விரட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சீட்டுக் கொடுத்துப் படகில் கூட்டிப் போகிறார்கள். இதுதான் பொறுப்பான சுற்றுலாவா?
— முதுநிலைப் பட்டதாரி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது; இதை வெளியூர் வாசகர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே முழுமையாக வெளியிட்டிருக்கிறோம்.

பாசி எடுக்கும் பெண்களின் வேலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணிக் கிழிசலை இறுகச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி கட்டிய முகமூடியோடு அவர்கள் மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய பையில் திணிக்கிறார்கள். விரலில் துணி இல்லாவிட்டால் பாறை தோலை உரித்துவிடும். இவர்களே கூடிப் பேசி, பாசி தழைக்க இடைவெளி வேண்டும் என்று மாதத்தில் 12 நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக் காலத்தில் கடலுக்குப் போகாமல் இருப்பது எனத் தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள். கடலை நம்பி வாழ்கிறவர்கள் தாமாகவே வகுத்துக்கொண்ட இத்தகைய ஒழுங்கு, எந்த அறிவிப்புப் பலகையையும்விட வலுவானது.

தேசியப் பூங்காவுக்குள் பாசி எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. அதைக் காப்பது வனத்துறையின் கடமை. பவளப்பாறை மிதிபட்டால் கெடும் என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மை பாசி எடுப்பவரின் காலுக்கும் சுற்றுலாப் பயணியின் காலுக்கும் ஒன்றுதான். தீவின் சுமை தாங்கும் அளவு குறைவு என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்களை ஒதுக்கிவிட்டு, அந்த அளவைப் பொழுதுபோக்குக்குத் திருப்பிக் கொடுத்தால், காப்பு என்ற சொல்லின் மேலேயே கரையோர மக்களுக்கு நம்பிக்கை போய்விடும். அவர்களுடைய ஒத்துழைப்பு இல்லாமல் இவ்வளவு நீண்ட கடலைக் காக்க எந்தத் துறையாலும் முடியாது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்டவர்கள் மீனவர்கள்தான். அதற்காக வனத்துறையே அவர்களைப் பாராட்டிப் பரிசளித்திருக்கிறது.

பயணிகளுக்கு எம் வேண்டுகோள் இது: சூழல் சுற்றுலாவில் படகு ஓட்டுகிறவரும், வழிகாட்டியும், சமையல் செய்பவரும் அந்தந்த ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் அந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாசி எடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நனைந்த உடையோடு கரையேறும் ஒருவரை நோக்கிக் கேமராவைத் திருப்புவது எந்த ஊரிலும் மரியாதை ஆகாது. தீவுகளுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும், கட்டணத்தில் ஒரு பங்கு பாசி எடுக்கும் பெண்களின் சங்கங்களுக்குச் சேரவும் ஏற்பாடு வேண்டும் என்பது எம் கருத்து.

கேள்வி: சிங்கப்பூரில் ஊபின் தீவில் நாங்கள் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்குகிறோம். அதுவும் இயற்கை வளம் மிக்க தீவுதான். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?
— வாசகர், பிடோக், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் தீவு என்பதைத் தவிர ஒப்பிட அதிகமில்லை. ஊபின் 1,020 ஹெக்டேர் பரப்புள்ளது. குருசடையைப் போல் 15 மடங்கு. அடியில் கருங்கல்; ஒரு காலத்தில் கல் உடைக்கும் சுரங்கங்கள் இருந்த, இன்றும் மக்கள் குடியிருக்கும், சாலையும் கழிப்பறையும் உள்ள தீவு. அங்கே ஜெலுத்தோங், மாமாம் என்று முகாமுக்கெனவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயிர்வளம் செறிந்த செக் ஜாவா சதுப்பில் யாரையும் கூடாரம் போட விடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த இடத்தைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் பொதுமக்களின் வேண்டுகோளுக்குப் பிறகு 2001 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்டது; 2007-இல் மரப்பாலம் போட்டு, சேற்றில் கால் படாமல் பார்க்கும்படி செய்தார்கள். அதே சமயத்தில் ஜோகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் ஆற்று வழியே வந்து கலந்ததில் செக் ஜாவாவின் கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மழைநீருக்கே தாங்காத உயிர்கள் அவை என்பதால், மனிதர்களுக்கு ஒரு பக்கம், அவற்றுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்ததே அங்கே செய்த நல்ல காரியம்.

ஊபினுக்குப் போகும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். குடிநீரைச் சாங்கியிலிருந்தே கொண்டுபோங்கள். கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். காட்டுப்பன்றிகளும் நீள்வால் குரங்குகளும் அங்கே உண்டு. உணவைப் படுக்கும் கூடாரத்துக்குள் வைக்காமல், மணம் கசியாத மூடியிட்ட பெட்டியில் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தாலே குரங்கு அதை உணவாகத்தான் பார்க்கும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பன்றிக்கு ரொட்டி போடாதீர்கள். 2020 முதல் காட்டு உயிரினங்களுக்கு உணவளிப்பது சிங்கப்பூரில் எங்குமே குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலும், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம். மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய பன்றி, அடுத்து வரும் குடும்பத்தின் கூடாரத்தைக் கிழிக்கும். கடைசியில் உயிரை விடுவது பன்றியாகத்தான் இருக்கும். குப்பையை எல்லாம் கட்டித் திரும்பப் படகிலேயே கொண்டுவந்துவிடுங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அன்றைய முகாம் விதிகளை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீவில் வேண்டாம், சரி. கரையிலாவது கூடாரம் போடலாமா? தனுஷ்கோடியில் நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.
— இளம் தம்பதியர், ஈரோடு

பதில்: தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு பயணிகளை இருக்க விடுவதில்லை, அங்கே அந்த எண்ணம் வேண்டாம். மற்றக் கடற்கரைகளில், அது எந்த ஊராட்சியைச் சேர்ந்ததோ அங்கும், பக்கத்துக் காவல் நிலையத்திலும், அது மீனவர் ஊராக இருந்தால் ஊர்த் தலைவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்பது வெறும் சடங்கல்ல. கடலுக்குப் போகிறவர்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே படகை இறக்குவார்கள். எந்த வழியாக இறக்குவார்கள், கரைவலை இழுக்கும் பாடு எது, வலையும் கருவாடும் காயப்போடும் இடம் எது என்பதை ஊர்க்காரர் சொன்னால்தான் தெரியும். அந்த இடங்களில் கூடாரம் போடுவது ஒருவர் பட்டறையின் நடுவில் பாய் விரிப்பதற்குச் சமம்.

இடம் கிடைத்த பின், ஏற்றத்தின் ஈரக்கோட்டுக்கு நன்றாக மேலே, ஆனால் அடம்பன் கொடி படர்ந்த மணல் மேட்டுக்குக் கீழே, வெறும் மணலில் கூடாரத்தை அடியுங்கள். தை முதல் சித்திரை வரை ஆமை ஏறும் கரை என்றால் அங்கே தங்கவே வேண்டாம். வனத்துறையினர் அந்தக் காலத்தில் முட்டைகளைத் தேடிச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்க இரவெல்லாம் நடப்பார்கள். கேட்டால் எந்தக் கரை என்று சொல்வார்கள். தீ மூட்ட வேண்டாம். மேலே தெரியாத முட்டைக் குழி கீழே இருக்கலாம். அணைந்த கரியை மணலால் மூடிவிட்டுப் போனால், மறுநாள் வெறுங்காலோடு வரும் பிள்ளை அதை மிதிக்கும். சமைத்த உணவைக் கட்டிக்கொண்டு போங்கள். விளக்கைச் சிவப்புத் தாள் சுற்றித் தரையைப் பார்த்து வையுங்கள். நட்சத்திரம் பார்க்கவும் அதுவே உதவும்.

கழிப்பறை இல்லாத கரையில் தங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் மணலுக்குள் சில அடி ஆழத்தில் நல்ல தண்ணீர் நிற்கிறது. உப்புக் கடலுக்குச் சற்றுத் தூரத்தில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் அள்ளிக் குடத்தை நிரப்பும் பெண்களை இன்றும் பார்க்கலாம். மணலில் குழி தோண்டி மூடிவிட்டால் போதும் என்று நாம் நினைக்கும் இடம், ஒரு ஊரின் குடிநீர்.

கேள்வி: கரையில் ஆமையோ ஆவுளியாவோ ஒதுங்கிக் கிடந்தால் நாங்கள் என்ன செய்வது?
— பள்ளி இயற்கை மன்றத்தினர், தூத்துக்குடி

பதில்: செத்துக் கிடந்தால் தொட வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் குறித்து, பக்கத்தில் ஒரு செருப்பையோ பேனாவையோ அளவுக்கு வைத்துப் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். எந்தக் காலத்தில், எந்தக் கரையில், என்ன காயத்தோடு ஒதுங்கியது என்ற விவரம் ஆய்வாளர்களுக்கு மிகவும் தேவை.

உயிரோடு இருந்தால் உடனே இழுத்துக் கடலில் தள்ளிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். வலையில் சிக்கி மூச்சுத் திணறிய ஆமை செத்ததுபோல் அசைவற்றுக் கிடக்கும்; அந்த நிலையில் கடலில் விட்டால் உண்மையிலேயே மூழ்கிச் செத்துவிடும். நிழல் செய்து, ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு, மூக்கு மூடாமல் பார்த்துக்கொண்டு, நாயையும் கூட்டத்தையும் தள்ளி நிறுத்துங்கள். ஓங்கில் (டால்பின்) ஆனால் மூச்சுத் துளை தலையின் மேற்பக்கம் இருக்கும், ஆவுளியா ஆனால் மூக்குத் துளைகள் முகத்தின் முன்நுனியில் இருக்கும். அவற்றில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது, துடுப்பையோ வாலையோ பிடித்து இழுக்கக் கூடாது. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஆமையைக் கண்டால் அதன் தலைக்கு முன்னால் போகாமல், விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கம் தள்ளி உட்காருங்கள். குஞ்சுகளை வாளியில் அள்ளிக் கடலில் கொட்ட வேண்டாம். மணலில் அவை தாமாகவே ஊர்ந்து போக வேண்டும், நீங்கள் செய்ய வேண்டியது அவற்றின் வழியில் உள்ள கால்தடப் பள்ளங்களைத் தட்டி நிரப்பி, நாய் வராமல் காவல் நிற்பது. உங்கள் மன்றத்தில் யாராவது ஒருவர் மாவட்ட வனத்துறை அலுவலகத்தின் எண்ணையும், அன்றன்றைய ஏற்ற வற்ற நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டால், அழைக்கும்போது கடல் எந்த நேரத்தில் அந்த இடத்துக்கு ஏறிவரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும். எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள்.